எண்ணெய்க்கு அடியில் தண்ணீர்

அவர் இருமிக்கொண்டுதான் வருவார். அது சளி இருமலல்ல. சந்தை மூலையில் திரும்புவதற்குப் பத்தடி முன்பே தொடங்கும், திரும்பி முடிந்ததும் நின்றுவிடும். கையில் பாலைத் தடி ஒன்று. அதைத் தூக்கிக்கொண்டு நடந்து நான் கண்டதில்லை, நிலத்தில் தட்டிக்கொண்டே நடப்பார். ஒரு சுற்று முடிந்ததும், வேப்பமரத்தில் கம்பியால் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டில் ஓர் அடி அடிப்பார். அந்தக் காலத்தில் வன்னியில் ரயில் ஓடவில்லை. தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்கு மேலே கிடந்தன. மிஞ்சிய ஒரு முழத் துண்டு அவருக்குக் கிடைத்திருந்தது.

அவர் சந்தையின் இரவுக் காவல்காரர். கள்ளனைப் பிடிக்க வைத்த ஆள் இப்படி ஊரை எழுப்பிக்கொண்டு நடந்தால் கள்ளன் எப்படி அகப்படுவான்? வர்த்தகர் சங்கத் தலைவர் இதை ஒரு நாள் தன் இரும்புக்கடை வாசலில் வைத்து நேரே கேட்டுவிட்டார்.

“நீ கள்ளனைப் பிடிக்கிறியோ, இல்லாட்டி நான் இஞ்சை நிக்கிறன், நீ அங்காலை போ எண்டு அவனுக்கு மணியடிச்சுக் காட்டுறியோ?”

“புடிக்கிறதுக்கு இல்லீங்க முதலாளி. வராம இருக்கிறதுக்கு.”

“கள்ளன் வராட்டி உனக்கென்னடா வேலை?”

“அதாங்க என் வேலை.”

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கும்போது சேர்ந்து சிரிப்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. தனியே இருக்கும்போது அவரை நான் “அண்ணை” என்பேன். கடைக்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் “காவல்காரன்” என்பேன். இதை அவர் கவனித்திருப்பார் என்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை. கவனிக்காமல் எப்படி இருந்திருப்பார்?

அந்தச் சந்தை இருந்த சந்தியின் பெயரை எழுதப்போவதில்லை. கிளிநொச்சியை விட்டுச் சனம் வெளிக்கிட்ட பிறகு காட்டோரத்தில் திடீரென்று முளைத்த சந்தை அது. கிடுகும் பொலித்தீனும் பழைய தகரமுமாக நாற்பது, ஐம்பது கடைகள். அநேகம் கடைகளுக்குக் கதவு என்பது தொங்கவிட்ட சாக்குத்தான். பூட்டுக் கொண்டுவந்தவர்கள் அதைக் கொழுவ ஒரு நல்ல மரச்சட்டம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கிழமையும் ஏதாவது களவு போனது. சைக்கிள் ரயர், அரிசி, ஒரு முறை ஒரு கடையின் கூரைத் தகரமே போனது. முந்தி ஊரில் களவு போனால் யார் எடுத்திருப்பான் என்று ஊருக்குத் தெரியும். இங்கே பக்கத்துக் கொட்டிலில் இருப்பவன் எந்த ஊர் என்றே தெரியாது.

அதனால் சங்கம் கூடி இரண்டு முடிவு எடுத்தது. தெருவுக்கு விளக்கு வைப்பது. இரவுக்குக் காவல் வைப்பது. பிறகு, இரண்டுக்கும் ஒரே ஆள் போதும் என்று இன்னொரு முடிவும் எடுத்தது.

அவர் மலையகத்துக்காரர். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். ஜெயபுரத்தில் காடு வெட்டி ஒரு துண்டுக் காணி வைத்திருந்தார். சந்தைக்குப் பின்னால் வாய்க்காலைத் தாண்டி அவருடைய ஆட்கள் இருபது குடும்பம் வரையில் குடிசை போட்டிருந்தார்கள். ஆண்கள் சந்தையில் மூட்டை சுமந்தார்கள். நானும் மூட்டைதான் சுமந்தேன். ஆனால் நான் வடமராட்சிக்காரன் என்பதால் முதலாளிமார் என்னைத் “தம்பி” என்றார்கள், கடை விறாந்தையில் படுக்க விட்டார்கள். அவர்களை “டேய்” என்றார்கள், பொழுதுபட முன் வாய்க்காலுக்கு அப்பால் போய்விட வேண்டும் என்றார்கள். ஏழாம் வகுப்போடு வீட்டை விட்டு ஓடி, ஆனையிறவில் உப்பு அள்ளி, முல்லைத்தீவில் வலை இழுத்து, எந்த இடத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் இருக்காத என்னை நம்பினார்கள். இருபது வருடம் அந்த மண்ணைக் கொத்தியவர்களை நம்பவில்லை. இது எனக்கு அப்போது விசித்திரமாகப் படவில்லை. வசதியாக இருந்தது.

விளக்குகள் ஏழு. எல்லாம் அவர் செய்தவை. சின்ன ஜாம் போத்தலின் மூடியில் ஓட்டை போட்டு, சைக்கிள் வால்வைச் செருகி, அதற்குள்ளால் பழந்துணித் திரியை விட்டால் விளக்கு. அந்த நாளில் எல்லா வீட்டிலும் அதுதான். அவர் அதைக் கண்ணாடி பதித்த பிஸ்கற் தகரத்துக்குள் இறக்கி, கம்பங்களில் அறைந்தார். மேலே அகலமான தகரக் கூரை, முன்னால் கயிற்றை இழுத்தால் விழுகிற ஒரு மூடி. இரண்டும் விமானத்துக்காக. வெளிச்சம் நிலத்தில் விழ வேண்டும், வானத்துக்குத் தெரியக் கூடாது. விளக்கில் இருந்து நாலடிக்குள் நிற்பவனின் முகம் தெரியும். ஐந்தாவது அடியில் இருட்டு.

விமான இரைச்சல் கேட்டால் நாங்கள் எல்லாரும் பதுங்குகுழிக்கு ஓடுவோம். அவர் விளக்குகளுக்கு ஓடுவார். ஒவ்வொன்றாக மூடியை விழுத்திக்கொண்டே, “மூடுறேங்க! நான்தான் மூடுறேங்க!” என்று கத்துவார். இருட்டு அவருடைய வேலைதான், வேறொருவன் வேலையல்ல என்று எல்லாருக்கும் தெரியவேண்டுமாம். ஒரு முறை குளத்துப் பக்கம் குண்டு விழுந்து நிலம் உதறியது. குழிக்குள் மண் கொட்டுகிறது. அந்த நேரத்தில் மேலே தெருவில் யாரோ கை தட்டுகிற சத்தம். தட்டிக்கொண்டே நடக்கிற சத்தம்.

“உவனுக்கென்ன விசரோ?” என்றார் என் பக்கத்தில் குந்தியிருந்த தையல்காரர்.

“தன்ரை கடமையாம்,” என்றார் இன்னொருவர். “பொம்பருக்குப் பயப்பிடான், கள்ளனுக்குத்தான் பயப்பிடுறான்.”

மறுநாள் நான் அவரிடம் கேட்டேன். விளக்குக் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“செத்திருப்பியள் அண்ணை. எல்லாரும் குழிக்குள்ளை கிடக்கேக்கை ஆர் களவெடுக்கப்போறான்?”

“அப்பத்தான் தம்பி எடுப்பான். இருட்டுல மனுசனுக்கு மூஞ்சி கெடையாது. மூஞ்சி இல்லாட்டி வெட்கம் கெடையாது. பொல்லாதவன்தான் எடுப்பான்னு இல்ல. நீங்களும் எடுப்பீங்க, நானும் எடுப்பேன்.”

“நான் எடுக்கமாட்டன்.”

“சரிங்க,” என்றார், துடைத்துக்கொண்டே.

அவருடைய தகப்பன் தேயிலை ஸ்டோரில் இராக்காவல். மணிக்கு ஒரு முறை மணி அடிக்கவேண்டுமாம். அடிக்காவிட்டால் தூங்கிவிட்டான் என்று துரை காலையில் சம்பளத்தில் வெட்டுவான். “அந்த மணி எங்கப்பாவைக் காவல் காத்துச்சு, ஸ்டோரை இல்ல,” என்பார். தன் மணி வேறு என்பார். அது ஊர் தூங்குவதற்கான மணி. கள்ளனுக்கும் அதுதான். “அவனும் போய்த் தூங்கட்டுமே.”

அவரிடம் நான் புரிந்துகொள்ள முடியாமல் இருந்தது ஒன்று. களவெடுக்க வந்தவன் நேரே மாட்டினாலும் அவர் முகத்தைப் பார்க்கமாட்டார். ஒரு முறை என் கண்ணாலேயே கண்டேன். நான் படுத்திருந்த விறாந்தைக்கு எதிர்க் கடையில் ஒருவன் தவிட்டு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தான். இருமல் கேட்டும் அவனுக்கு மூட்டையை இறக்க நேரம் கிடைக்கவில்லை. விளக்கடியில் அப்படியே நின்றான். இவர் வந்தார். கண்டார். உடனே திரும்பி, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, “மழை வரும் போல இருக்குங்களே,” என்று காற்றோடு கதைக்கத் தொடங்கினார். “தவிடு நனைஞ்சா மாடுகூடத் தின்னாது. உள்ள எடுத்து வெச்சா நல்லது.” அவன் மூட்டையை மெதுவாக இறக்கி, கடைக்குள்ளே தள்ளிவிட்டு, இருட்டுக்குள் போனான். இவர் ஒரு பீடி பற்றவைத்துவிட்டு அடுத்த விளக்குக்கு நடந்தார்.

“ஆரெண்டு பார்க்கேல்லையோ?” என்று காலையில் கேட்டேன்.

“பார்த்தா அப்பறம் சொல்லணுமே.”

“சொல்லத்தானே வேணும்?”

“அவனுக்கு மூஞ்சி இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சாப் போதும் தம்பி. எனக்கு எதுக்கு அது?”

அந்தக் கடையில் அதன் பிறகு களவு போனதில்லை. சந்தை முழுவதிலுமே களவு குறைந்தது. அதற்காக யாரும் அவருக்கு நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. களவு போகாத நாளை யார் கவனிக்கிறார்கள்?

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

மத்தியானம் ஒரு மணிக்குக் கடைகள் சாத்துவார்கள். வெயிலில் சந்தை வெறிச்சோடிவிடும். அந்த நேரம் அவர் சங்கக் கொட்டிலில் விளக்குகளுக்கு எண்ணெய் வார்ப்பார். சங்கம் அவருக்கு மண்ணெண்ணெயை அளந்துதான் கொடுக்கும், ஒரு இரவுக்கு எவ்வளவோ அவ்வளவு. ஏழு போத்தலையும் நிரப்பி வரிசையாக மர வாங்கில் வைத்துவிட்டு, “தம்பி, கொஞ்சம் பார்த்துக்கங்க,” என்று என்னிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போவார். பொழுதுபடத் திரும்பிவந்து கம்பங்களில் ஏற்றுவார். வரும்போது எனக்கு இரண்டு ரொட்டியும் கொச்சிக்காய்ச் சம்பலும் வாழையிலையில் சுற்றிக்கொண்டு வருவார். ஒரு நாளும் தவறியதில்லை.

நான் அந்தச் சந்திக்கு வந்து ஆறு மாதமாகியிருந்தது. கால் அரிக்கத் தொடங்கிவிட்டது. எனக்கு அது ஒரு வியாதி. ஓர் இடத்தில் எல்லோருக்கும் என் பெயர் தெரிந்துவிட்டால் அங்கே இருக்க முடியாது. மோட்டார் சைக்கிளில் கருவாடு ஏற்றுகிற ஒருவன் அடுத்த நாள் காலையில் முல்லைத்தீவுக்குப் போக இருந்தான். அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்துக் கிளப்பினால், பிறகு மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடும்.

“ஒரு போத்தில் எண்ணெய் கொண்டா, உன்னை ஏத்துறன்,” என்றான் அவன். “இல்லாட்டி நட.”

நடந்திருக்கலாம். நான் அதற்கு முன் நடந்தவன்தான். பட்டினியும் இல்லை, யாரும் துரத்தவும் இல்லை. இதற்கு ஒரு நல்ல காரணம் இருந்திருந்தால் எழுதுவது இலேசாக இருந்திருக்கும்.

அன்று அவர் சாப்பிடப் போனதும் ஏழு போத்தலிலிருந்தும் பாதிக்கு மேல் ஊற்றி எடுத்தேன். எண்ணெய் குறைந்திருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் குறைந்த அளவுக்குத் தண்ணீர் விட்டேன். எங்கள் வீட்டில் அம்மா அப்படித்தான் செய்வார். கிளாசில் முக்கால்வாசி தண்ணீர், அதற்கு மேலே ஒரு விரல் தேங்காயெண்ணெய், எண்ணெயில் மிதக்கும் திரி. விடியும் வரை எரியும். தண்ணீர் அடியில் கிடக்கும், எண்ணெய் மேலே நிற்கும், ஒன்றும் பழுதில்லை என்று நினைத்தேன். ஆனால் அது மிதக்கும் திரிக்குத்தான் சரி. ஜாம் போத்தல் விளக்கின் திரி அடியைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். அதை நான் யோசிக்கவில்லை. சின்ன வயதில் இருந்து விளக்கு வெளிச்சத்தில் இருந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்கலாம். தெரிந்திருக்கும். அன்றைக்கு அவசரம்.

போத்தலைக் கருவாட்டுக்காரனிடம் கொடுத்தேன். வாய்க்காலில் மண் போட்டுக் கை கழுவினேன். பொழுதுபட அவர் வந்தார், ரொட்டி தந்தார். சாப்பிட்டுவிட்டு அவரிடம் ஒரு பீடி வாங்கிக்கொண்டேன். ஏழு விளக்கையும் ஏற்றினார். எல்லாம் எரிந்தன.

நடு இரவுக்குக் கொஞ்சம் முன்னால் முதல் விளக்கு படபடவென்று பொரிந்து அணைந்தது. அவர் போய்க் கொளுத்தினார். கொளுத்திவிட்டுத் திரும்ப, மற்றது. பிறகு அதற்கடுத்தது. நெருப்புப் பெட்டியோடு தெருவின் ஒரு தலைப்பில் இருந்து மறு தலைப்புக்கு ஓடினார். விறாந்தையில் படுத்திருந்த எனக்கு அந்தப் பாத ஓசை கேட்டது. இருமவில்லை, தடி தட்டவில்லை, மணி அடிக்கவில்லை. அவற்றுக்கு நேரம் இருக்கவில்லை. நான் எழும்பி, “அண்ணை, அதுக்குள்ளை தண்ணி கிடக்கு, ஊத்திப்போட்டு மிச்ச எண்ணெயிலை எரியுங்கோ,” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சாக்கை இழுத்து மூடிக்கொண்டேன்.

விடியும்போது ஏழும் அணைந்திருந்தன. கிழக்குத் தலைப்பில் தையல்காரரின் கடைச் சாக்கு அறுத்துக் கிடந்தது. தையல் மெசினைக் காணவில்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது கடனீரேரியில் வள்ளத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மெசின் அது. மனிதர் கடைக்குள்ளே வெறும் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

தலைவர் ஒரு போத்தலைக் கழற்றி நிலத்தில் கவிழ்த்தார். மண் நனைந்தது. விரலால் தொட்டு மணந்தார். எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்:

“தண்ணி.”

மற்ற ஆறையும் கவிழ்த்தார்கள். ஆறிலும் தண்ணீர்.

காவல்காரரை இரும்புக்கடை வாசலில் நிறுத்தினார்கள். சந்தை முழுவதும் கூடியிருந்தது. காலை வெயில் நன்றாக விழுந்திருந்தது.

“எண்ணெயை வித்துப்போட்டுத் தண்ணியை விட்டிருக்கிறாய். இருட்டாக்கிப்போட்டு உன்ரை ஆக்களை விட்டு மெசினையும் தூக்குவிச்சிருக்கிறாய். என்ன, பிழையோ?”

“நான் செய்யலீங்க முதலாளி.”

“அப்ப ஆர் செய்தது?”

“செஞ்சவரு சொல்லுவாரு.”

“என்னடா கதை உது? செய்தவன் வந்து சொல்லுவானோ?”

“பகல்தானேங்க. எல்லாரு மூஞ்சியும் தெரியுது. சொல்லுவாரு.”

தையல்காரர் வெடித்தார். “தோட்டக்காட்டானைக் காவலுக்கு வைக்காதேங்கோ எண்டு நான் அண்டைக்கே சொன்னனான். கேட்டனீங்களே?”

காவல்காரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவேயில்லை. ஒரு முறை திரும்பியிருந்தால்கூட மற்றவர்களும் திரும்பியிருப்பார்கள்.

தலைவர்தான் என்னைக் கண்டார். “தம்பி, நீ இஞ்சைதானே படுக்கிறனி. விளக்கிலை ஆரும் கைவைச்சதைக் கண்டனியோ?”

“நான் காணேல்லை,” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “எண்ணெய் வாக்கிறது காவல்காரன்தானே,” என்றேன்.

அந்த இரண்டாவது வசனத்தை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு விசாரணைக்கு ஒன்றும் இருக்கவில்லை. காவல்துறையிடம் கொடுப்போம் என்று சிலர் சொன்னார்கள். மெசினுக்குச் சாட்சி இல்லை என்று தலைவர் விட்டுவிட்டார். காவல் வேலை போனது. அது மட்டும் போயிருந்தால் ஒரு மனிதனின் வேலை. வாய்க்காலுக்கு அப்பால் உள்ள ஒருவனையும் இனிச் சந்தைக்குள் மூட்டைக்கு எடுப்பதில்லை என்று சங்கம் சொல்லிவிட்டது. பதினொரு பேர் சுமந்துகொண்டிருந்தார்கள். மறுநாள் காலை வழக்கம்போல வந்து நின்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சுமக்கவேண்டிய மூட்டைகளில் சிலதை நான் சுமந்தேன்.

நான் அன்றைக்கே போயிருப்பேன். போனால் நான்தான் என்று தெரிந்துவிடும். அதனால் கருவாட்டுக்காரனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு இருந்தேன். இருந்ததால் எல்லோரும் என்னை நல்லவன் என்றார்கள்.

நாலாம் நாள் பகல் வாய்க்காலைத் தாண்டிப் போனேன். ஏன் போனேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியாது. அவருடைய மனைவி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கோடரியை வைத்துவிட்டு, “வாங்க தம்பி,” என்று உள்ளே போய் வெறுந்தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வேலியோரத்தில் அவர் கிடுகு கட்டிக்கொண்டிருந்தார். கையில் இருந்த முடிச்சை முடித்துவிட்டுத்தான் வந்தார்.

நான் தொடங்கினேன். “அண்ணை, அண்டைக்கு அந்த எண்ணெய்...”

“தெரியும் தம்பி.”

“எப்படித் தெரியும்?”

“பீடி வாங்கினீங்களே. கை மணத்துச்சு.”

தேத்தண்ணீரைக் கீழே வைத்தேன். “அப்ப ஏன் சொல்லேல்லை?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்.” பிறகு, “நான் சொன்னா நம்பியிருப்பாங்களா?” என்றார்.

நம்பியிருக்கமாட்டார்கள். இருவருக்கும் தெரியும்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ,” என்றேன்.

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தேன். குரல் உயரவில்லை. ஆனால் கழுத்து நரம்பு எழுந்து நின்றது.

“எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே. அங்க வந்து சொல்லுங்க. பகல்ல, எல்லாரும் இருக்கிறப்ப, தலைவர் கடை வாசல்ல. எனக்கு அந்த வேலை வேணாம். எங்க ஆளுங்க பதினோரு பேரு வீட்டுல குந்தியிருக்காங்க. என்னாலன்னு ஒவ்வொரு வீட்டுலயும் சொல்றாங்க. எம்மகளைப் பொண்ணு எடுக்கிறதா இருந்த வீட்டுல நேத்து வந்து, வேணாம்னு சொல்லிட்டுப் போனாங்க. களவாணி வீடாம்.”

மனைவி கோடரியைக் கையில் எடுத்தார், பிளக்காமல் நின்றார்.

“சொல்லுறன் அண்ணை. நாளைக்குக் காலமை.”

“எத்தனை மணிக்கு?”

“கடை திறக்கிற நேரம். எட்டு மணிக்கு.”

“சத்தியமா?”

“ஓம்.”

“நானும் வாறேன். கிட்ட வரமாட்டேன், தள்ளி நிப்பேன். பயப்படாதீங்க தம்பி. அடிக்க வந்தாங்கன்னா நடுவுல வந்துருவேன்.”

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. மனைவியைப் பார்த்து, “வெள்ளைச் சட்டையத் தோய்ச்சுப் போடு,” என்றார்.

அடுத்த நாள் நிலம் வெளிக்குமுன் கருவாட்டுக்காரனின் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். அந்த ஒரு போத்தல் எண்ணெயை அவன் எனக்காக வைத்திருந்தான். எட்டு மணிக்கு நாங்கள் ஒட்டுசுட்டானைத் தாண்டிவிட்டோம்.

மூன்று வருடத்துக்குப் பிறகு முல்லைத்தீவில் ஒரு காற்சட்டை தைப்பிக்கத் தையல் கடை ஒன்றுக்குப் போனேன். அளவு நாடாவோடு எழும்பியவர் அதே தையல்காரர். என்னைக் கண்டதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

“எட தம்பி! சொல்லாமல் கொள்ளாமல் எங்கையடா போனனி?”

மெசின் அவருக்குப் பின்னால் இருந்தது. அதே மெசின். நான் அதைப் பார்ப்பதைக் கண்டு சொன்னார். “கிடைச்சது. அடுத்த வருசமே ஆளைப் பிடிச்சாச்சு. தோட்டக்காட்டானுமில்லை ஒருத்தனுமில்லை, எங்கடை ஊர்ப் பொடியன். எனக்குச் சொந்தமும்கூட. ஆரிட்டைச் சொல்லுறது?”

“அப்ப அந்தக் காவல்காரர்?”

“அது பாவம். மெசின் விசயத்திலை அந்தாள் இல்லை எண்டு தெரிஞ்ச உடனை, திருப்பி வேலைக்கு எடுப்பம் எண்டு நானே தலைவரிட்டைக் கேட்டனான். அவர் விடேல்லை. மெசினை எடுக்காட்டிலும் எண்ணெய்க்குத் தண்ணி விட்டது அவன்தானே எண்டார். அதுக்கு என்னாலை என்ன சொல்ல ஏலும்? குடும்பத்தோடை ஜெயபுரம் பக்கம் போட்டினம் எண்டு கேள்வி. அந்த மகளுக்கு இன்னும் ஒண்டும் சரிவரேல்லையாம்.”

அவர் என் முன்னால் குந்தியிருந்து காலின் நீளத்தை அளந்தார். ஊசியை வாயில் வைத்துக்கொண்டே கதைத்தார்.

“ஒரு விசயம் எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. வேலையாலை நிப்பாட்டி நாலைஞ்சு நாளுக்குப் பிறகு, அந்தாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விடியக்காலமையே தலைவற்றை கடைக்கு முன்னாலை வந்து நிண்டவர். தனியவுமில்லை. மனுசி, மகள், மூட்டை தூக்கிற ஆக்கள் எல்லாரும். அப்பிடியே றோட்டுக்கு அங்காலை வரிசையாய் நிண்டினம். என்ன அலுவல் எண்டு தலைவர் கேட்டார். ஒருத்தர் வாறன் எண்டவர், அவர் வந்து கதைப்பார் எண்டு மட்டும் சொன்னவர். ஆரெண்டு கேட்டதுக்குப் பேர் சொல்லேல்லை. வெயில் ஏறிச்சுது. ஒவ்வொருத்தராய்ப் போட்டினம். அவர் மட்டும் கடை பூட்டுமட்டும் நிண்டவர்.”

அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

“நீதானே அந்தாளோடை ஒட்டாய் இருந்தனி. ஆரடா அது, வாறன் எண்டு சொன்ன ஆள்?”

கடையில் வேறு யாரும் இல்லை. பகல் பத்து மணி. வாசலால் வெயில் உள்ளே வந்து எங்கள் இரண்டு பேர் மேலும் விழுந்திருந்தது.

“தெரியாதண்ணை,” என்றேன்.

“ம்,” என்றார் அவர். “காலடியை எவ்வளவு மடிச்சுத் தைக்க?”

இரண்டு அங்குலம் என்றேன்.